சின்னப் படகை துடுப்புச் சக்கர நீராவிப் படகாக்க: எடையும் நிலைப்பும்

படகில் நீராவி எஞ்சின் ஏற்றி, இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம் (விளிம்பைச் சுற்றிப் பலகைகள் பதித்த சக்கரம்) பூட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் தேடுவதில்தான் தொடங்குகிறார்கள். தராசில் தொடங்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

புரொப்பெல்லர் ஆழத்தில் சுற்றுகிறது. படகு 5 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. துடுப்புச் சக்கரம் அப்படியல்ல. அடியில் வரும் பலகை முழுதாக முங்கி, அதன் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிற்க வேண்டும். அதைவிட ஆழமானால் பலகை தண்ணீரை அள்ளி மேலே தூக்குவதிலேயே எஞ்சினின் சக்தி போய்விடும். ஆழம் குறைந்தால் மேற்பரப்பில் வெறும் நுரைதான். 15 செ.மீ. அகலப் பலகைக்கு 5 செ.மீ. பெரிய வித்தியாசம்.

கணக்குக்கு ஒரு மாதிரிப் படகை வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்தில் நீளம் 6 மீட்டர், அகலம் 1.8 மீட்டர், தட்டையான அடி, வெறும் படகு 400 கிலோ.

படி 1: ஒரு செ.மீ. அமிழ எத்தனை கிலோ?

நீளத்தை அகலத்தால் பெருக்கினால் 10.8 சதுர மீட்டர். அணியம் (படகின் முன்பகுதி) கூராக இருப்பதால் அதில் சுமார் 0.7 பங்குதான் உண்மையான நீர்மட்டப் பரப்பு, அதாவது ஏறக்குறைய 7.5 சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் நன்னீர் 1000 கிலோ. எனவே இந்தப் படகு ஒரு செ.மீ. அமிழ 75 கிலோ வேண்டும், ஓர் ஆளின் எடை. இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

படி 2: எடைப் பட்டியல்

கொதிகலனை உள்ளே நிற்கும் தண்ணீரோடு சேர்த்து எழுதுங்கள். பலர் விடுவது அதைத்தான். நம் படகுக்கு:

கொதிகலன் 250 கிலோ, எஞ்சின் 80, சக்கரங்களும் அச்சும் 120, சக்கர மூடிகளும் தாங்கிகளும் 70, விறகு 50, தொட்டித் தண்ணீர் 80, மூன்று பேர் 210, கூரை 40. ஏற்றுவது 900 கிலோ. படகோடு 1300.

900-ஐ 75-ஆல் வகுத்தால் 12 செ.மீ. வெறும் படகு மிதக்கும் மட்டத்தைப் பார்த்து அச்சைப் பொருத்தினால், பயண நாளில் 15 செ.மீ. பலகை கிட்டத்தட்ட தன் அகல அளவுக்குக் கூடுதலாக மூழ்கியிருக்கும்.

படி 3: உயரக் கணக்கு

ஒவ்வொரு எடையையும், ஏரா மரத்தின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) அடியிலிருந்து அதன் நடுப்பகுதி இருக்கும் உயரத்தால் பெருக்குங்கள். கொதிகலன் 250 × 0.6 மீட்டர், கூரை 40 × 1.9 என்று போகும். எல்லாவற்றையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் எடை மையத்தின் உயரம் கிடைக்கும். நம் படகுக்கு 0.57 மீட்டர் என்று வந்தது. 40 கிலோ கூரை கொடுக்கும் பெருக்கல் 76; 80 கிலோ எஞ்சின் அரை மீட்டர் உயரத்தில் இருந்து கொடுப்பது 40 மட்டுமே. கூரையை மெல்லிய துணியில் போடச் சொல்வது இதனால்தான். விறகைக் கூரையில் அடுக்கவே வேண்டாம்.

படி 4: அகலம் தரும் பலம்

சாய்ந்த படகு எவ்வளவு பலமாக நிமிரும் என்பதைச் சொல்வது மெட்டாசென்டர் உயரம். தோராயக் கணக்கு இது: அகலத்தை அதனாலேயே மூன்று தடவை பெருக்கி (1.8 × 1.8 × 1.8), நீளத்தால் பெருக்கி, 12-ஆல் வகுத்து, படகு வடிவத்துக்காக 0.55-ஆல் பெருக்குங்கள். அதை, இடம்பெயரும் தண்ணீரின் கன அளவான 1.3 கன மீட்டரால் (1300 கிலோ) வகுத்தால் 1.23 மீட்டர். மிதப்பு மையத்தின் (படகின் மூழ்கிய பகுதியின் நடுப்புள்ளி) உயரம் 0.18-ஐக் கூட்டி, எடை மையத்தின் 0.57-ஐக் கழித்தால் 0.84 மீட்டர். நல்ல பலம்.

இதே சுமையை 1.5 மீட்டர் அகலப் படகில் வைத்துப் பாருங்கள். 0.84 என்பது 0.32 ஆகிவிடுகிறது! வெறும் 30 செ.மீ. குறைந்ததற்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. 70 கிலோ ஆள் ஒருவர் நடுவிலிருந்து 60 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் அகலமான படகு 2 டிகிரி சாயும். ஒரு பக்கச் சக்கரம் 4 செ.மீ. இறங்கும், மறுபக்கம் 4 செ.மீ. ஏறும். குறுகிய படகு கிட்டத்தட்ட 6 டிகிரி சாயும், சக்கரங்கள் 9 செ.மீ.க்கு மேல் ஏறி இறங்கும். ஒரு சக்கரம் தண்ணீரை விட்டு வெளியே வரப் பார்க்கும், இன்னொன்று மூழ்கும், படகு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். கவிழ்வதற்கு ரொம்ப முன்னாலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிடுகிறது.

உங்களிடம் குறுகிய படகுதான் இருக்கிறதா? இரண்டு படகுகளைப் பக்கம் பக்கமாக இணைக்கலாம். ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் வில்லியம் ராண்டல் 1853-ல் ஓட்டிய ‘மேரி ஆன்’ என்ற துடுப்புச் சக்கரப் படகின் உடல், பிறகு ‘ஜெமினி’ என்ற இரட்டைப் படகின் ஒரு பாதியானது.

படி 5: தண்ணீர் ஓடும் இடங்கள்

அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். படகு சாயும் பக்கமே அதுவும் ஓடும். 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் பரவி நின்றால் மெட்டாசென்டர் உயரத்தில் 0.33 மீட்டர் போய்விடும். குறுகிய படகுக்கு இருந்ததே 0.32 தான். அரை மீட்டர் அகலத் தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தாலோ இழப்பு ஒரு செ.மீ. கூட இல்லை. ஆகவே குறுகிய தொட்டி, கைக்கெட்டும் இடத்தில் இறைக்கும் பம்ப்.

படி 6: முன்னும் பின்னும்

பக்கச் சக்கரங்களைப் படகின் நடுப்பகுதிக்கு அருகே வையுங்கள். அணியம் ஏறி இறங்கினாலும் அங்கே நீர்மட்டம் அதிகம் மாறாது. சக்கரத்தைக் கடையாலில் (பின்பகுதியில்) வைத்தால் கொதிகலனை முன்னால் தள்ளிச் சமன் செய்ய வேண்டும்.

படி 7: மணல் மூட்டைச் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. எதையும் வெட்டும் முன், ஒவ்வொரு பொருளும் வரப்போகும் இடத்தில், அதே உயரத்தில், அதே எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். சக்கரங்களுக்கு, இரண்டு பக்கமும் குறுக்குச் சட்டம் நீட்டி அதில் கட்டுங்கள். இடுப்பளவுத் தண்ணீர், காற்றில்லாத காலை நேரம், எல்லோருக்கும் மிதவைச் சட்டை.

கொத்தனாரின் தூக்குக்குண்டை ஒரு மீட்டர் நூலில் தொங்கவிட்டு, 40 கிலோ மூட்டையைச் சரியாக ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். குண்டு எத்தனை மீட்டர் விலகியது என்று அளந்து, அதை 1300-ஆல் பெருக்கி, 40-ஐ அந்த விடையால் வகுத்தால் உண்மையான மெட்டாசென்டர் உயரம் வரும். 3.7 செ.மீ. விலகினால் நம் கணக்கு சரி. 9 செ.மீ. விலகினால் கொதிகலனை இறக்குங்கள், கூரையை எடுங்கள், அல்லது வேறு படகு பாருங்கள்.

அப்புறம் படகின் வெளிப்பக்கம் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். மூன்று பேரும் இறங்கிய பின் இன்னொரு கோடு போடுங்கள். அது முதல் கோட்டைவிடச் சுமார் 3 செ.மீ. கீழே இருக்கும். அச்சின் உயரத்தை இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள மட்டத்திலிருந்து அளந்து குறித்துவிட்டு, பிறகு துளை போடுங்கள்.