டெர்ம் புக் வந்ததும் பொருளடக்கத்த போட்டோ எடுங்க
தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாத்துலயும் பொருளடக்கம் பக்கத்த மட்டும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, புள்ளையோட காய்கறி கடைக்கு போறப்ப அத ஒருவாட்டி பாத்துட்டு போனா போதும். ஸ்டேட் போர்டுல சின்ன கிளாஸ்களுக்கு 2012-ல இருந்து முப்பருவ முறைங்கறதால ஒரு புக்குல கிட்டத்தட்ட மூணு மாச பாடம்தான், அளவை, பணம், செடி கொடினு தனித்தனியா வர்றதெல்லாம் கடையில ஒரே நேரத்துல கைக்கு வந்துரும், அரை கிலோ கத்திரிக்கா எவ்ளோ, நூறு ரூபா குடுத்தா மீதி எவ்ளோ, இது வேரா காயானு புள்ளையவே சொல்ல விடுங்க. தொட்டு பாத்து சொன்னது நோட்டுல பத்து தடவ எழுதுறத விட நல்லா மனசுல நிக்குது. வருஷம் முழுக்க ஒரே புக் இருக்குற சிலபஸ்னா இது ஒத்துவராது, டீச்சர்கிட்ட மாச போர்ஷன் கேட்டு வாங்கிக்கோங்க. எழுத்தே இன்னும் பிடிபடாத ஒண்ணாங்கிளாஸ் குழந்தைய கடை போர்டு படிக்க சொல்லி படுத்தாதீங்க, பாவம்.