ஊர் வாட்ஸப் குழுவின் பணத்தை அரசு நிதியோடு சேர்ப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வாட்ஸப் குழு இல்லாத ஊரைக் காண்பது இன்று அரிது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும், ஓசூர் ஆலைகளுக்கும் போனவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கும் படத்தை ஒருவர் அதில் போட்டால், "நான் ஐயாயிரம் தருகிறேன்" என்று இருபது பேர் உடனே எழுதுகிறார்கள். ஒரு வாரத்தில் அந்தச் சொல் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. அந்த இருபது பேரின் சொல்லை அரசு நிதியோடு சேர்த்து ஒரு சுவராக எழுப்பும் வழிமுறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இதற்கு மிகவும் பொருத்தமானது தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டம். பணியின் மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால், மீதியை அரசு தரும் என்பதே இதன் அடிப்படை. ஆறு லட்சம் ரூபாய் மதிப்புள்ள பணிக்கு ஊர் இரண்டு லட்சம் திரட்ட வேண்டும். மக்கள் பங்கு பாதி அல்லது அதற்கு மேல் இருந்தால், பங்களித்தவர்களே பணியை எடுத்துச் செய்யவும் வழி உண்டு. ஊரில் நம்பிக்கையான மேஸ்திரி இருந்தால் இது பெரிய வசதி. பள்ளி வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, சிறுபாலம், நூலகம் போன்ற பொதுச் சொத்துகளுக்கே இந்த வழி பொருந்தும். கோயில் மண்டபத்துக்கு இதில் பணம் கேட்டு அலைவது நேர விரயம்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். பணம் திரட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். தொட்டி கட்ட எல்லாரிடமும் பணம் வாங்கிய பிறகுதான், நாங்கள் காட்டிய இடம் ஓடைப் புறம்போக்கு, அதாவது கட்டடம் கட்டக் கூடாத அரசு ஓடை நிலம், என்று தெரிந்தது. வேறு இடம் முடிவாவதற்குள், "பணம் என்ன ஆயிற்று?" என்ற கேள்வி குழுவில் வசவாக மாறிவிட்டது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரத்தையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) புல வரைபடத்தையும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் படம்) யாரும் பார்க்கலாம். அந்த இடம் நத்தமா (குடியிருப்பு நிலம்), மேய்க்காலா (மேய்ச்சல் நிலம்), ஓடையா என்பதை அதில் பார்த்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் உறுதி செய்துகொள்வது ஒரு காலைப் பொழுது வேலைதான்.

மலையூர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி பக்கங்களில் ஊரைச் சுற்றிலும் காப்புக்காடு இருப்பதால், சாலையோ பள்ளியோ கேட்டால் "வனத்துறை நிலம்" என்ற ஒரே பதிலோடு மனு திரும்பிவிடுவது வழக்கம். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)-ஐ அப்போது எடுத்துக்காட்ட வேண்டும். பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தைத் தர அது இடமளிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டப்படக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். பரிந்துரைத் தீர்மானம் இல்லாத மனுவால் பயனில்லை என்பதால், கிராம சபையில் பழங்குடி மக்களே இதை முன்மொழிவது நல்லது.

நிலம் முடிவானதும், வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொறியாளர் அல்லது ஓவர்சீயரை நேரில் அழைத்து வந்து எஸ்டிமேட் போடச் சொல்ல வேண்டும். ஊரார் கண்மதிப்பில் சொல்லும் தொகைக்கும் எஸ்டிமேட்டுக்கும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் பிறகு சண்டை வருகிறது. எஸ்டிமேட் கைக்கு வந்தபின் அதன் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கிட்டு, அந்தத் தொகையை மட்டுமே குழுவில் கேட்க வேண்டும்.

இனி கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் முழுகிவிட்டு, ஊரில் இரண்டு நாள் தங்கிப் போகும் வெளியூர்க்காரர்கள் ஆகஸ்ட் 15 வரை இருப்பதில்லை. பொங்கலுக்கு வருபவர்களும் ஜனவரி 26-க்கு முன்பே பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆகவே பண்டிகை நாளில் எல்லாரையும் வைத்துப் பேசி, தீர்மான வாசகத்தை எழுதி முடித்து, ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்து வரும். வாசகத்தில் பணியின் பெயர், சர்வே எண், எஸ்டிமேட் தொகை, மக்கள் பங்கு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, 3,000 பேர் வரை 100, 10,000 பேர் வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். வாட்ஸப்பில் நடத்தும் வாக்கெடுப்பு ஊரின் மனத்தை அறிய உதவுமே தவிர, இந்த வருகைக்கு ஈடாகாது.

யார் கையொப்பமிடுவார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு அரசு அமர்த்திய தனி அலுவலர்களுக்குப் போனது. பழைய தலைவர் போட்டுத் தரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு இன்னமும் அலைபவர்களைப் பார்க்கிறேன்.

பணம் திரட்டுவதில் கண்டிப்பு தேவை. ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு ஊர்ப் பணம் போகக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். குறைந்தது இருவர் கையொப்பமிட்டால்தான் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டில் வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். நீண்ட காலம் இயங்கும் எண்ணமிருந்தால், ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் பதிவு செய்துகொள்ளலாம். வாட்ஸப்பில் இரண்டு குழுக்கள் வைப்பது உத்தமம்: பேசிக்கொள்ள ஒன்று, அட்மின் மட்டும் பதிவிடும் கணக்குக் குழு மற்றொன்று. கணக்குக் குழுவில் ஞாயிறுதோறும் பாஸ்புக் பக்கத்தின் படம் வர வேண்டும். யாருடைய ஆதார் நகலும் எந்தக் குழுவிலும் வரக் கூடாது. தளி, வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கத்து ஊர்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறைய இருப்பதால், முக்கியச் செய்திகளை அந்த மொழிகளில் குரல்பதிவாகவும் போட்டால், எழுத்துத் தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் விட்டுப்போக மாட்டார்கள்.

தொகை சேர்ந்ததும், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை அலுவலகத்தில் எந்தப் பெயரில் வரைவோலை எடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, தீர்மான நகல், எஸ்டிமேட் ஆகியவற்றோடு ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. பதில் வராமல் நாள் கடந்தால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோப்பின் நிலையைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தன் ஊராட்சிக்கு நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை, ஊராட்சிகளின் கணக்கைக் காட்டும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பார்த்துவிட்டுப் போனால், "நிதி இல்லை" என்ற பதிலைக் கேட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

பணி பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்றால், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி இணையதளம் வழியாக வெளியூர்க்காரர்கள் நேரடியாகவே பங்களிக்கலாம். ஓசூர், சூளகிரி வட்டாரத்து ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்பதும் நியாயமே. ஓராண்டில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் ஈட்டிய கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டை இதற்குச் செலவிட வேண்டும் என்பதும், தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் கம்பெனிகள் சட்டம் 2013-இல் உள்ளவை. ஆனால் அப்பணம் ஊர்க் குழுவின் கைக்கு நேராக வராது. உரிய பதிவுள்ள அமைப்பு ஒன்றை இடையில் வைத்துத்தான் வாங்க முடியும்.

தனி வருமானத்துக்கான நிதி வேறு பாதை. புளி உடைத்துக் கொட்டை எடுப்பது, கேழ்வரகு, சாமை அரைத்துப் பொட்டலமிடுவது போன்ற தொழில்களுக்கு ஊர்க் குழு தேவையில்லை. மகளிர் சுய உதவிக்குழுவே போதும். தமிழ்நாட்டில் அக்குழுக்கள் 1989-இல் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் 35 விழுக்காடு மானியமும், குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும் உண்டு என்பதை மகளிர் திட்ட அலுவலகத்தில் சொல்லிக் கேட்கலாம். வாட்ஸப்பின் பங்கு இங்கே விற்பனைக்குத்தான்: பெங்களூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை மொத்தமாகப் புளி வாங்கினாலே, முதல் சந்தை அமைந்துவிடும்.

பணி முடியும் நாளில், செய்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்கி, எஸ்டிமேட்டோடு பக்கத்தில் வைத்துப் படமெடுத்துக் கணக்குக் குழுவில் போட வேண்டும். பணம் மிச்சமிருந்தால், அடுத்த பணிக்கு வைத்துக்கொள்வதா, கொடுத்தவர்களுக்குத் திருப்புவதா என்பதை அடுத்த பண்டிகைக் கூட்டத்தில் கேட்டு எழுதிக்கொள்ளும்வரை அதைத் தொடக் கூடாது.