லேப்டாப்பில் சத்தம் சரியாகக் கேட்கவில்லையா? கடைக்குத் தூக்கிப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, வேலூரில் இருக்கும் பேத்தியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். "வாய் மட்டும் அசையுதுப்பா, சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றார். ஒரு கடையில் காட்டியதற்கு ஸ்பீக்கரையே மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். லேப்டாப் மெத்தை மேல், மடித்த போர்வையில் அழுந்திக் கிடந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். பேத்தியின் குரல் பளிச்சென்று வந்தது.

நிறைய லேப்டாப்களில் ஸ்பீக்கர் துளைகள் அடிப்பக்கம்தான் இருக்கும். மேசையில் வைத்தால் சத்தம் பலகையில் பட்டு நம் பக்கம் திரும்பும், மெத்தையில் வைத்தால் பஞ்சு அதை விழுங்கிவிடும். அதனால் முதல் வேலை, புரட்டிப் பார்த்து துளை எங்கே என்று கண்டுபிடிப்பது. தூசி அடைத்திருந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, காய்ந்த மெல்லிய டூத்பிரஷால் லேசாகத் தட்டி எடுங்கள். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள், ஸ்பீக்கரின் சவ்வு கிழிந்தால் அப்புறம் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து, சத்தம் வேறு எங்காவது போகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போனால் அவுட்புட் என்ற இடத்தில் எந்தக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று தெரியும். பக்கத்து அறையில் கிடக்கும் ப்ளூடூத் ஹெட்போனோ, எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய டிவியோ அங்கே இருந்தால் ஸ்பீக்கர்ஸ் என்று மாற்றுங்கள். எதுவும் செருகாமலே ஹெட்போன் என்று காட்டினால், இயர்போனை நாலைந்து தடவை செருகி எடுத்துப் பாருங்கள், ஜாக்கில் இருக்கும் சென்சார் சில சமயம் மாட்டிக்கொள்ளும். கூடவே வால்யூம் மிக்சரையும் திறந்து பாருங்கள். மொத்த சத்தம் 100-ல் இருக்கும், பிரவுசர் மட்டும் 20-ல் கிடக்கும்.

கால் பேசும்போது மட்டும் பாட்டோ வீடியோவோ திடீரென்று அமுங்குகிறதா? விண்டோஸே செய்கிற வேலை அது. அதே சவுண்ட் பக்கத்தின் கீழே மோர் சவுண்ட் செட்டிங்ஸ் இருக்கும், அதில் கம்யூனிகேஷன்ஸ் என்ற டேப். கால் வந்தால் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறை என்பதுதான் அங்கே வழக்கமாகத் தேர்வாகியிருக்கும். டூ நத்திங் என்று மாற்றினால் போதும்.

சத்தம் இருக்கிறது, ஆனால் தகரத்தில் தட்டுவது போல இருக்கிறது என்றால் டிரைவரைத்தான், அதாவது ஒலிக் கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளைத்தான், சந்தேகப்படுவேன். முக்கியமாக, புதிதாக விண்டோஸ் போட்ட பிறகு இப்படி ஆனால். லேப்டாப் கம்பெனிகள் அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கென்றே ஒலியைச் சீராக்கும் மென்பொருளைச் சேர்த்துத்தான் தருகின்றன, பொதுவான டிரைவர் வந்து உட்கார்ந்தால் அது காணாமல் போய்விடும். அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணை வைத்து, அந்தக் கம்பெனியின் சொந்த சப்போர்ட் பக்கத்தில் ஆடியோ டிரைவரை இறக்கிப் போடுங்கள். கண்ட தளங்களில் இருந்து வேண்டாம். சத்தமே வரவில்லை என்றால், லேப்டாப்பில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஆடியோ கருவியை ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

இனி சத்தத்தைக் கூட்டுவது. இங்கேதான் எல்லோரும் பேஸை, அதாவது தாழ்ந்த அடி ஒலியை, ஏற்றுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். இத்தனை சின்ன ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியை ஒழுங்காகத் தரவே முடியாது. ஏற்றினால் சவ்வு அளவுக்கு மீறி ஆடி, கரகரவென்று இரைச்சல்தான் வரும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமானால், தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் இறக்கி, 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் மட்டும் ஏற்றுங்கள். ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் கேட்க உதவுவது அந்தப் பகுதிதான். ஸ்பீக்கர் ப்ராப்பர்ட்டீஸில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்று இருந்தால் அதையும் டிக் செய்யுங்கள், மெதுவான பேச்சும் உரத்த இசையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வரும். எல்லா லேப்டாப்பிலும் இது இருக்காது. விஎல்சி என்ற வீடியோ பிளேயர் சத்தத்தை 100-க்கு மேலேயும் ஏற்ற விடும், ஆனால் குரல் உடைகிற இடத்தில் நிறுத்திக் குறைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து, ஹெட்போனில் சுத்தமாகக் கேட்டு, ஸ்பீக்கரில் மட்டும் ஒரு பக்கம் அதிர்ந்தால் ஸ்பீக்கர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். பெங்களூருவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகம் தேடலாம். மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், மாட்டியதும் பணம் கொடுக்கும் முன் சவுண்ட் செட்டிங்ஸில் டெஸ்ட் அழுத்தி, இடது வலது இரண்டும் தனித்தனியாக வருகிறதா என்று அங்கேயே நின்று கேட்டுவிடுங்கள்.