ஜோத்பூருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கோட்டையிலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தே இறங்குங்கள்

ஜோத்பூரில் பலரும் மெஹ்ரான்கட் கோட்டையைப் பார்த்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். அந்த மலை இறக்கத்தில்தான் ஊரே இருக்கிறது. வண்டியில் ஏறுங்கள், கால்நடையாக இறங்குங்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

1. கிளம்பும் முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும், வேண்டாம். மன்னார்குடியிலிருந்து பகத் கி கோட்டிக்கு வாராந்திர ரயில் உண்டு. அந்த நிலையம் ஜோத்பூரிலேயேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் இரவு நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். பழைய ஊருக்குள், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். சந்துகளில் கார் நுழையாது என்பதால் முதுகுப்பையே வசதி.

2. காலையில் கோட்டை

9 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ராவ் ஜோதா 1459இல் மண்டோரிலிருந்து தலைநகரை மாற்றி, ஏறக்குறைய 120 மீட்டர் உயரப் பாறை மேல் தொடங்கிய கோட்டை இது. லிஃப்ட் இருக்கிறது. முட்டி ஒத்துழைத்தால் அதை விட்டுவிட்டு வாசல் வாசலாக ஏறுங்கள், ஏனென்றால் கோட்டையின் கதை வாசல்களில்தான் எழுதியிருக்கிறது.

'டேட் காங்ரா போல்' என்ற வாசலின் (இங்கே 'போல்' என்றால் வாசல்) சுவரில் 1808இல் ஜெய்ப்பூர்ப் படை சுட்ட பீரங்கிக் குண்டுகளின் பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன, விரலை வைத்தே பார்க்கலாம். பாதை ஏன் திடீர் திடீரென்று வளைகிறது என்று கவனியுங்கள். யானை ஓடிவந்து கதவை முட்ட வேகம் கிடைக்கக்கூடாது என்பதற்காகத்தான். கடைசியில் லோஹா போல். அதன் பக்கச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் கைத்தடங்கள், 1843இல் மகாராஜா மான்சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறிய ராணிகளுடையவை. இதைச் சிலர் பெருமையாக விவரிப்பார்கள். என்னால் அங்கே பேச முடிந்ததில்லை.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். கோட்டை நிலைக்க வேண்டுமென்று அஸ்திவாரத்தில் உயிரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ராஜாராம் மேக்வாலின் நினைவுக்கல். பூல் மஹாலின் தங்கப் பூச்சைவிட இதற்கு முன்னால் கூடுதல் நேரம் நிற்கலாம்.

3. இறக்கம்

வந்த வழியில் திரும்பாமல் ஃபதே போல் வழியாக வெளியேறுங்கள். நேராக நவ்சௌக்கியா என்ற பழைய ஊர்ப் பகுதியில் விடும். நீலச் சுண்ணாம்பு பூசிய வீடுகள் இங்கேதான். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. படம் எடுக்கும் முன் திண்ணையில் இருப்பவரிடம் "கம்மா கணி" என்று வணக்கம் சொல்லிக் கேளுங்கள். வழி தவறினால் மணிக்கூண்டு எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும்.

வழியில் தூர்ஜி கா ஜால்ராவைப் பார்த்துவிடுங்கள். 1740களில் ஓர் அரசி கட்டிய படிக்கிணறு, செம்மணற்கல். குப்பையில் புதைந்து கிடந்ததைத் தூர்வாரி மீட்டிருக்கிறார்கள்.

4. சர்தார் மார்க்கெட்

மணிக்கூண்டைச் சுற்றியிருக்கும் கடைத்தெரு இதுதான். முதலில் வயிறு. மிர்ச்சி வடா நம் மிளகாய் பஜ்ஜிக்கு உறவு, உள்ளே உருளைக்கிழங்கு மசாலா இருக்கும். பிறகு மக்கனியா லஸ்ஸி. கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் அளவுக்குக் கெட்டி.

பாந்தேஜ் துணி வாங்கும்போது அவசரம் வேண்டாம். மதுரைச் சுங்குடி போலவே முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பதுதான். முடிச்சு அவிழ்க்காத துணியைக் காட்டச் சொல்லுங்கள். கையால் கட்டியதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, துணியில் மெல்லிய சுருக்கம் நிற்கும். அச்சு வார்த்தது போல் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருந்தால் அது பிரின்ட். மசாலாக் கடையில் கலவைப் பொட்டலங்களை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான மதானியாவின் மிளகாயைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு அப்படி இருக்கும்.

5. மறுநாள் காலை மிச்சமிருந்தால்

கோட்டை அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா, 72 ஹெக்டேர். நம்மூர்க் கண்மாய்களைக் கெடுத்த அதே சீமைக்கருவேலம் இங்கேயும் பாறை முழுக்க மண்டிக் கிடந்தது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும். அதனால் 2006 முதல் கல்லுடைக்கும் தொழிலாளர்களை அழைத்து, பாறையை உளியால் பிளந்து வேரோடு எடுத்தார்கள். சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே பாறையில் எங்கே விரிசல் என்று அவர்கள் சொல்லிவிடுவார்களாம். வேர் போன குழிகளிலேயே பாலைநிலச் செடிகளை நட்டார்கள். நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொண்டு வெயில் ஏறுமுன் போங்கள்; பாறை இடுக்கில் வளர்ந்து நிற்கும் 'தோர்' கள்ளியைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.