கடவுளின் உதவியை ஏற்று நம்பிக்கை பெறுவது எப்படி?

உங்களால் தாங்க முடியாததை முதலில் மறைக்காமல் கடவுளிடம் சொல்லுங்கள். "கடனை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை" என்பது போல, உள்ளதை உள்ளபடியே சொல்வதுதான் நல்ல மன்றாட்டு. சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து கிடந்து, சாவதே மேல் என்று வேண்டிய, விவிலியத்தில் வரும் இறைவாக்கினர் எலியாவுக்குத் தேவதூதன் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். இருமுறை உண்டு, இடையில் உறங்கி எழுந்த அந்தப் பலத்தில் அவர் 40 நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தார். ஆகவே, மன்றாடியபின் உண்ணுங்கள், உறங்குங்கள். நலம் விசாரிக்க வருபவரையும், மனச்சோர்வுக்கு மருந்து தரும் மருத்துவரையும் கடவுள் நீட்டிய கையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதே (நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன்) நம்மில் பலர் செய்யும் பிழை. விடிந்ததும், அன்றைய ஒரு நாளுக்கான பலத்தை மட்டும் கேளுங்கள்.