பழைய வெனீர் மரச்சாமான்களைச் சீரமைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசைப் பரப்பு மங்கியிருக்கிறதே என்று முதல் வேலையாக உப்புத்தாளைக் கையில் எடுப்பதுதான் பெருந்தவறு. வெனீர் என்பது அடிமரத்தின் மேல் ஒட்டப்படும் மெல்லிய மரத் தகடு. வாளால் கையறுப்பாக அறுத்த காலத்து வெனீர் 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கொண்டிருக்கும். இயந்திரத்தில் சீவியது அதைவிட மெல்லியது, இன்று கிடைப்பதோ பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் அளவே. முன்பே யாரேனும் தேய்த்திருந்தால் எஞ்சியிருப்பது இன்னும் குறைவு. விளிம்பில் அடிமரம் வெளிறித் தெரிந்துவிட்டால் அதை மீட்க வழியில்லை. மங்கலும் பல நேரங்களில் மரத்தில் இருப்பதில்லை, மெருகில்தான் இருக்கும். மறைவான ஓரிடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றும்போது பரப்பு பிசுபிசுத்தால், அது அரக்கு மெருகு. தேய்க்காமலே, அதன்மேல் புதிய அரக்கைப் பூசிப் புதுப்பிக்கலாம்.

பசை விஷயத்தில் நடக்கும் தவறு உடனே தெரியாது. பழைய தச்சர்கள் பயன்படுத்தியது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும் என்பதால், ஒட்டியதைப் பின்னொரு நாள் சேதமின்றிப் பிரிக்க முடியும். எபாக்சி என்னும் செயற்கைப் பிசின் பசை அந்த வாய்ப்பை அடைத்துவிடும்; வெள்ளைப் பசையோ பழைய வச்சிரத்தின் மேல் சரியாகப் பிடிப்பதில்லை. விரல் நகத்தால் பரப்பைத் தட்டிக்கொண்டே போனால், பிடிப்பு விட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும். அங்கே உப்பியிருந்தால், கூரிய கத்தியால் மர ரேகையின் போக்கிலேயே கீறி, உள்ளிருக்கும் தூசியையும் செத்துப்போன பசையையும் வெதுவெதுப்பான நீரால் துடைத்தெடுத்த பின்னரே புதிய வச்சிரத்தைச் செலுத்த வேண்டும். அழுக்கின் மேல் பசை ஊற்றுவது வீண் வேலை. பழைய பசையை இளக்க இஸ்திரிப் பெட்டியை வைப்பவர்கள் சூட்டைக் கூட்டிவிடுகிறார்கள். அரக்கு மெருகு வெளுத்துத் தடம் விழும். கிளாம்ப் போட்டு இறுக்கும்போது இடையில் பிளாஸ்டிக் தாள் வைக்க மறந்தால், அழுத்தும் கட்டையும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும்.

உடைந்து விழுந்த சில்லுகளைக் குப்பையில் போடாதீர்கள். அவற்றுக்கு நிகரான ஒட்டுத்துண்டு வேறு கிடையாது. புதிய ஒட்டுத்துண்டு தவிர்க்க முடியாதென்றால் அதைச் சதுரமாக வெட்டாமல், ரேகைவாக்கில் நீண்ட சாய்சதுரமாக வெட்டுங்கள். ரேகைக்குக் குறுக்கே ஓடும் நேர்க்கோட்டைக் கண் உடனே பிடித்துவிடும். துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் நிறமே மாறித் தெரியக்கூடும் என்பதால், ஒட்டுவதற்கு முன் இரு வாக்கிலும் வைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.