பழைய கிராபிக்ஸ் கார்டுல ஆன்டி-அலியாஸிங்க நிஜமாவே வேலை செய்ய வைக்கறது எப்படி

கேம் மெனுல ஆன்டி-அலியாஸிங் (உடைஞ்ச ஓரத்த வழுவழுன்னு காட்டற வசதி, சுருக்கமா ஏஏ) 4எக்ஸ்னு போட்டு அப்ளையும் குடுத்தாச்சு, உள்ள போய் பாத்தா கூரை ஓரம், கம்பி வேலி, துப்பாக்கி முனை எல்லாம் முன்னாடி இருந்த மாதிரியே படிக்கட்டு படிக்கட்டா நிக்குது. பழைய கார்டு வச்சிருக்க நிறைய பேர் இந்த இடத்துலயே "நம்ம கார்டு அவ்ளோதான்"னு விட்டுடறாங்க. ஆனா பெரும்பாலும் கார்டு மேல தப்பே இருக்காது. அந்த கேம் படம் வரையற முறைக்கு ஒத்து வராத ஏஏ-வ போட்டிருப்போம், இல்லன்னா டிரைவர்ல ஒரு செட்டிங் தப்பா இருக்கும்.

மொதல்ல ஓரம் ஏன் இப்படி உடையுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க, இது புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம். கேம்ல தெரியற பொருள் எல்லாம் குட்டி குட்டி முக்கோணங்களாத்தான் வரையப்படுது. கார்டு ஒவ்வொரு பிக்ஸலுக்கும் நடுவுல ஒரே ஒரு புள்ளிய எடுத்து, அது முக்கோணத்துக்கு உள்ளயா வெளியயான்னு பாக்குது. உள்ளன்னா முழு கலர், வெளியன்னா ஒண்ணுமே இல்ல, பாதின்ற பேச்சே கிடையாது. அதனாலதான் சாய்ஞ்ச கோடு எல்லாம் உடைஞ்சு தெரியுது. எஸ்எஸ்ஏஏ-ன்றது மொத்த படத்தையும் பெருசா வரைஞ்சு சுருக்கறது, அழகா இருக்கும், ஆனா 4எக்ஸ்னா நாலு மடங்கு வேலை, பழைய கார்டுக்கு அத மறந்துடுங்க. எம்எஸ்ஏஏ கொஞ்சம் புத்திசாலி, ஒரு பிக்ஸலுக்குள்ள நாலு எடத்துல முக்கோணம் படுதான்னு மட்டும் பாத்துட்டு கலர் கணக்க ஒரு தடவதான் போடும். எஃப்எக்ஸ்ஏஏ, எம்எல்ஏஏ, எஸ்எம்ஏஏ எல்லாம் வேற ரகம், படம் வரைஞ்சு முடிச்ச பிறகு அதுல ஓரம் எங்க இருக்குன்னு தேடி மழுப்பி விடும். இதுக்கு கேம் என்ன முறைல வரைஞ்சுதுன்னு கவலையே இல்ல. இந்த ஒரு விஷயம்தான் பின்னாடி நம்மள காப்பாத்தப் போகுது.

படி 1: உங்க கார்டால என்ன முடியும்னு பாருங்க

ஜிபியு-இசட்னு ஒரு சின்ன இலவச டூல் இருக்கு, அதுல கார்டோட பேரு, மெமரி, டைரக்ட்எக்ஸ் லெவல் மூணையும் குறிச்சுக்கங்க. டைரக்ட்எக்ஸ் 10.1 இருந்தா 4எக்ஸ் எம்எஸ்ஏஏ கண்டிப்பா இருக்கும், 11 இருந்தா 8எக்ஸும் இருக்கும், இது அந்த தரத்துலயே கட்டாயம். இன்டெல் ஆன்போர்டு கிராபிக்ஸ்னா 2011-ல வந்த சாண்டி பிரிட்ஜ்லேர்ந்துதான் எம்எஸ்ஏஏ, சாண்டி பிரிட்ஜ்ல அதுவும் 4எக்ஸ் மட்டும். அதுக்கு முன்னாடி வந்த ஜிஎம்ஏ வகையறாவா இருந்தா மெனுல ஆப்ஷன் சாம்பல் கலர்ல செத்து கெடக்கும், நேரா படி 4-க்கு போயிடுங்க.

மெமரி கணக்கும் போட்டுக்கங்க. 1920 x 1080-ல ஒரு பிக்ஸலுக்கு கலருக்கு 4 பைட், டெப்த்துக்கு (எது முன்னாடி, எது பின்னாடின்ற கணக்கு) 4 பைட், மொத்தம் 16.6 எம்பி சொச்சம் வரும். 4எக்ஸ்னா 66 எம்பி, 8எக்ஸ்னா 133 எம்பி. 256 எம்பி கார்டுல பாதிய இதுவே தின்னுட்டா டெக்ஸ்சருக்கு (பொருள் மேல ஒட்டற படம்) எடம் எங்க, அப்பதான் கேம் விட்டு விட்டு இழுக்கும். ஆன்போர்டுல மெமரி பத்தலன்றத விட ரேமோட பேண்ட்வித்த (டேட்டா போய் வர்ற வேகம்) சிபியுவோட பங்கு போட்டுக்கறதுதான் பெரிய பிரச்சனை. அப்புறம் டிரைவர், உங்க கார்டுக்கு கடைசியா வந்தது எதுன்னு பாத்து அதையே போடுங்க, உதாரணத்துக்கு என்விடியா ஃபெர்மி கார்டுகளுக்கு 391.35 தான் கடைசி, அதுக்கு மேல உள்ளது ஏறவே ஏறாது.

படி 2: மொதல்ல கேமுக்குள்ளயே

கேம்ல ஏஏ ஆப்ஷன் இருந்தா அதையே முதல்ல போடுங்க, ஏன்னா எந்த எடத்துல ஏஏ வேணும்னு அந்த இன்ஜினுக்குத்தான் நல்லா தெரியும். 2எக்ஸ்ல ஆரம்பிங்க. கேம முழுசா மூடி திறங்க, நிறைய பழைய கேம் ரீஸ்டார்ட் பண்ணாம மாத்தாது. ரெசல்யூஷன் உங்க மானிட்டரோட நேட்டிவ் ரெசல்யூஷனா இருக்கட்டும், ரெசல்யூஷன குறைச்சுட்டு ஏஏ-வ ஏத்தறதுல எனக்கு சுத்தமா உடன்பாடு இல்ல, மானிட்டர் அத இழுத்து பெருசாக்கறப்ப எல்லாமே மங்கலா போயிடும்.

வேலை செய்யுதான்னு கண்ணால சும்மா பாத்து முடிவு பண்ணாதீங்க. ஒரே எடத்துல நின்னு, வானத்துக்கு எதிரா ஒரு சாய்ஞ்ச கோடு தெரியற மாதிரி பாத்து, ஏஏ இல்லாம ஒரு ஸ்க்ரீன்ஷாட், ஏஏ போட்டு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. பிஎன்ஜி-ஆ சேவ் பண்ணி பெயிண்ட்ல பெருசு பண்ணி பாருங்க. ஓரத்துல ரெண்டு கலருக்கும் நடுவுல இடைப்பட்ட கலர் பிக்ஸல் இருந்தா வேலை செய்யுது, இல்லன்னா இல்ல. டிரைவர்ல போடற மழுப்பல் ஏஏ மட்டும் சில சமயம் ஸ்க்ரீன்ஷாட்ல விழாது, அதுக்கு மட்டும் ஸ்க்ரீன் கிட்ட போய் பாத்துதான் ஆகணும்.

படி 3: டிரைவர் வழியா

என்விடியா கன்ட்ரோல் பேனல்ல மேனேஜ் த்ரீடி செட்டிங்ஸ், அதுல ப்ரோக்ராம் செட்டிங்ஸ் போங்க. குளோபல்ல போடாதீங்க, மத்த அப்ளிகேஷன் எல்லாம் கிறுக்கு புடிச்ச மாதிரி நடந்துக்கும். கேமோட லாஞ்சர இல்ல, உண்மைல ஓடற எக்ஸி ஃபைல சேருங்க, நிறைய பேருக்கு செட்டிங் ஏறாததுக்கு காரணமே இதுதான். ரெண்டு கார்டு உள்ள லேப்டாப்னா கேம் எந்த கார்டுல ஓடுதுன்னும் பாத்துக்கங்க. ஆன்டி-அலியாஸிங் மோடுல என்ஹான்ஸ்னு வச்சா கேமுக்குள்ளயும் ஏஏ ஆன்ல இருக்கணும், கேம் போடற ஏஏ-வத்தான் அது மேம்படுத்தும். ஓவர்ரைடுன்னு வச்சா டிரைவரே திணிக்கும், அப்ப கேமுக்குள்ள ஆஃப் பண்ணிடுங்க. ஏஎம்டி கேட்டலிஸ்ட்லயும் இதே மாதிரிதான், அங்க மார்ஃபலாஜிகல் ஃபில்டரிங்னு ஒண்ணு தனியா இருக்கும், அதுதான் எம்எல்ஏஏ.

இந்த திணிக்கற வேலை டைரக்ட்எக்ஸ் 9, ஓப்பன்ஜிஎல் கேம்லதான் ஓரளவு நடக்கும், 10, 11 கேம்ல பெரும்பாலும் நடக்காது. டைரக்ட்எக்ஸ் 9-லயும் சில கேம் அசையாது. டிரைவர் எம்எஸ்ஏஏ-வ போடறது கடைசியா ஸ்க்ரீனுக்கு போற பஃபர்ல (முடிஞ்ச படம் தங்கற மெமரி). ஆனா ப்ளூம் (வெளிச்சம் பரவி ஒளிர்றது), டெப்த் ஆஃப் ஃபீல்டு (தூரத்துல உள்ளது மங்கலா தெரியறது) மாதிரி எஃபெக்ட் உள்ள கேம் முதல்ல தனி டெக்ஸ்சர்ல வரைஞ்சுட்டு, அத ஒரு தட்டையான படமா கொண்டு வந்து பஃபர்ல ஒட்டுது. அந்த ஒட்டுன படத்துல முக்கோண ஓரமே இல்ல, அப்புறம் எம்எஸ்ஏஏ எத போய் சரி பண்ணும்? அதனால கேம்ல போஸ்ட் ப்ராசஸிங், ப்ளூம் இதெல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவ பாருங்க, பல கேம்ல ஏஏ அந்த நிமிஷமே வந்துடும்.

ஜிஃபோர்ஸ் 6, 7 சீரிஸ் வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு, எஃப்பி16 வகை எச்டிஆர் (வெளிச்சத்த இன்னும் துல்லியமா கணக்கு போடற முறை) ஓடும்போது அந்த கார்டுகளோட ஹார்ட்வேர்லயே எம்எஸ்ஏஏ முடியாது. ஆப்லிவியன் கேம்ல எச்டிஆர் வேணுமா ஏஏ வேணுமான்னு ஒண்ண தேர்ந்தெடுக்கற நிலைமை வந்ததுக்கு பின்னாடி இதுதான் இருக்கு, எச்டிஆருக்கு பதிலா ப்ளூம் வச்சா ஏஏ ஓடும். 2007-ல வந்த ஸ்டாக்கர் மாதிரி டிஃபர்டு முறைல (பொருள மொதல்ல வரைஞ்சு வச்சுட்டு வெளிச்சத்த அப்புறமா சேக்கறது) வெளிச்சம் போடற டைரக்ட்எக்ஸ் 9 கேம்ல முழு டைனமிக் லைட்டிங் இருக்கற வரைக்கும் எம்எஸ்ஏஏ-வ எதிர்பாக்காதீங்க. என்விடியா ப்ரொஃபைல் இன்ஸ்பெக்டர்ன்ற டூல்ல ஏஏ கம்பாட்டிபிலிட்டின்னு ஒரு வரி இருக்கு, அன்ரியல் இன்ஜின் 3 கேம் சிலதுக்கு அதுல சரியான மதிப்ப போட்டா எம்எஸ்ஏஏ வரும், ஆனா அதோட வேகத்துல அடி பலமா இருக்கும், பழைய கார்டுல நான் அத பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: எதுவுமே நடக்கலன்னா எஸ்எம்ஏஏ

என்விடியால எஃப்எக்ஸ்ஏஏ-வ கன்ட்ரோல் பேனல்லயே ஆன் பண்ணிடலாம், ரொம்ப லேசு, ஆனா கேமோட எழுத்து, மேப் எல்லாத்தையும் சேத்து மழுப்பிடும். அத விட எனக்கு எஸ்எம்ஏஏ தான் புடிக்கும், ஓரத்தோட வடிவத்த கண்டுபுடிச்சு அங்க மட்டும் கைய வைக்கும், டெக்ஸ்சர் கூர்மையாவே இருக்கும். கேம் படத்து மேல இந்த மாதிரி எஃபெக்ட் போடற ரீஷேட்ன்ற டூல இறக்கி இன்ஸ்டால் பண்றப்ப கேமோட எக்ஸிய காட்டுங்க, டைரக்ட்எக்ஸ் 9-ஆ 11-ஆன்னு கேக்கும், சரியா சொல்லுங்க, எஃபெக்ட் லிஸ்ட்ல இருந்து எஸ்எம்ஏஏ மட்டும் எடுங்க. கேம்ல ஹோம் கீ அமுக்கினா மெனு வரும், அதுல டிக் பண்ணுங்க. த்ரெஷோல்டு 0.10-ல இருக்கும், 0.05 பக்கம் கொண்டு போனா இன்னும் நிறைய ஓரத்த புடிக்கும், சர்ச் ஸ்டெப்ஸ குறைச்சா கார்டுக்கு பாரம் குறையும். ஆன்லைன் மல்டிபிளேயர் கேம்ல இத போடறதுக்கு முன்னாடி அந்த கேமோட விதிய கண்டிப்பா பாருங்க, ஆன்டி-சீட் சில எடத்துல ரீஷேட தடுக்கும்.

மரத்து இலை, கம்பி வலை மட்டும் எம்எஸ்ஏஏ போட்டும் மினுமினுக்குதா? அதெல்லாம் உண்மைல ஓட்டை போட்ட டெக்ஸ்சர் ஒட்டுன தட்டையான பலகை, முக்கோண ஓரம் இல்ல. என்விடியால ட்ரான்ஸ்பரன்ஸி ஏஏ, ஏஎம்டில அடாப்டிவ் ஏஏ அதுக்குத்தான். புல்லு, காடு நிறைய உள்ள கேம்னா வேகம் நல்லாவே குறையும், அந்த மாதிரி எடத்துல 2எக்ஸ் எம்எஸ்ஏஏ-வோட எஸ்எம்ஏஏ-வ சேத்து வைக்கறதுதான் பழைய கார்டுக்கு நல்ல சமரசம். 2எக்ஸ்லேர்ந்து 4எக்ஸ் போறப்ப தெரியற வித்தியாசம் 4லேர்ந்து 8 போறப்ப பெருசா தெரியாது, அதனால 8எக்ஸ் பக்கம் போகவே வேணாம்.

கடைசியா வேகத்த பாருங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டு கேம்ல ரொம்ப கூட்டமா, புகையா இருக்கற எடத்துல எஃப்பிஎஸ்ஸும் (ஒரு செகண்டுக்கு எத்தன படம்) மெமரி அளவும் எவ்வளவுன்னு பாருங்க, காலி வராண்டால நின்னு பாத்தா ஏமாந்துடுவீங்க. விசிங்க் (படத்த மானிட்டரோட வேகத்துக்கு ஒத்துப் போக வைக்கற செட்டிங்) ஆன்ல இருந்து திடீர்னு 60லேர்ந்து 30க்கு விழுந்தா பயப்படாதீங்க, 60-க்கு ஒரு நூல் குறைஞ்சாலும் டபுள் பஃபரிங்ல (ரெண்டே பஃபர்ல மாத்தி மாத்தி வரையறது) அப்படியே 30-க்கு போயிடும். விசிங்க ஆஃப் பண்ணிட்டு பாத்தா 55, 57னு உண்மையான நம்பர் தெரியும். அப்படின்னா ஏஏ-வ ஒரு படி இறக்குங்க, இல்ல நிழலோட தரத்த ஒரு படி குறைங்க, திரும்ப 60-ல ஒட்டிக்கும்.